வலது பின்னங்கால்

உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும் குதிரை.
அதைவிடப் பெரிதாக வரைய
மேசையும் இல்லை, பிப்ரவரியில் பொழுதும் இல்லை.
பசுக்கள் கன்று ஈனும் பருவம்.
இரண்டு மணிக்கொருதரம் டார்ச்சோடு தொழுவத்துக்குப் போய்
எது வாலைத் தூக்கி நிற்கிறது என்று பார்த்துவிட்டு வந்தால்
அடுத்த நடைக்குள் ஒரு காது வரையலாம்.
விரல் விறைப்பு விட்டிருந்தால் இரண்டு.

தீவன அறை அலமாரியை உடைத்தபோது மிஞ்சிய பலகை,
சீட்டுக்கட்டு அளவில் அறுத்தது.
தூரிகை கழுவ ஒரு குவளை, காப்பிக்கு ஒரு குவளை.
ஒரு விடியலில் மாற்றிக் குடித்தேன்.
பழுப்பு நிறத்தின் ருசி எனக்குத் தெரியும்.

மொன்டானாவில் பனி வெள்ளை இல்லை.
காலையில் நீலம்,
வைக்கோல் வண்டி போன தடத்தில் மஞ்சள்,
வேலி நிழலில் கத்தரிப்பூ.
இதற்கு நடுவே நிஜமான வெள்ளை
ஒரு குதிரையின் காலில் மட்டும்தான் இருக்கிறது.
அதை எங்கே நிறுத்துவது?

டாஃபி முடிந்துவிட்டாள்,
தாழ்ப்பாளை உதட்டால் திறக்கிறவள்.
ஜட்ஜ் முடிந்துவிட்டான்,
எல்லோரையும் மூக்கின் நீளத்துக்கு அப்பாலிருந்து பார்க்கிறவன்.
பிறகு டாஃபியின் மகன் செவ்வாய்.
பிறந்த கிழமைதான் பெயர்; நிறமும் ஒத்துப்போனது.
இரண்டு வயது. சூட்டுக்குறி இன்னும் போடவில்லை,
வசந்தத்தில் போடலாம் என்று ட்ரூ சொல்லியிருந்தான்.

மார்ச்சில் ஆற்றோர வேலியை யாரோ வெட்டினார்கள்.
போனவை மூன்று.
இரண்டு தாமாகத் திரும்பின.

பத்தாம் நாள் வெண்டெல் ஹாக்ஸ்ட்ரா வந்தார்,
சூட்டுக்குறி இன்ஸ்பெக்டர், பூட்ஸைக் கழற்றாமல்.
"ஏலக் கொட்டடியில் ஒரு சிவப்புக் குட்டி.
குறி இல்லை. விற்கிறவன் தன்னது என்கிறான்.
போட்டோ இருக்கிறதா?"
போட்டோ எல்லாம் இருந்த போன்
ஜனவரியிலேயே தண்ணீர்த் தொட்டியில் மூழ்கிவிட்டது.
இருப்பது இதுதான் என்று பலகையைக் கொடுத்தேன்.
சட்டைப் பைக்குள் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது.

பதினான்காம் கொட்டடி.
குதிரைக்குப் பக்கத்தில் குதிரையைப் பிடித்தார்.
நெற்றிச் சுட்டி, சரி.
இடக்கண் மேலே இரட்டைச் சுழி, சரி.
பிடரி விழும் பக்கம், சரி.
பிறகு குனிந்தார்.
கொட்டடியில் நின்றவனுக்கு இடது பின்னங்கால் வெள்ளை.
என் படத்தில் வலது.

கார்வின் ரஸ்க் என்ற அந்த ஆள்
பல்குச்சியை வாயின் இந்தப் பக்கத்திலிருந்து
அந்தப் பக்கத்துக்கு மாற்றினான்.
அவ்வளவுதான் அவன் சிரிப்பு.

"அது நான் சொன்ன பொய்" என்றேன்.
"எதற்கு?"
"கீழ் மூலை இருண்டு கிடந்தது.
அங்கே ஒரு துளி வெள்ளை கேட்டது."
"யார் கேட்டது?"
படம் என்று சொல்ல வாய் வரவில்லை.
ஏலக்காரர் ஒலிபெருக்கியில் எண்களை உருட்டிக்கொண்டிருந்தார்.
ஹாக்ஸ்ட்ரா படிவத்தைப் புரட்டினார், திருப்பினார்.
என் பதிலை எழுத அதில் கட்டம் இல்லை.

விற்பனையை நிறுத்தினார், அதுவரைக்கும் நியாயம்.
செவ்வாயின் பிடரியிலிருந்து ஐந்தாறு மயிர் வேரோடு,
டாஃபியிடமிருந்து ஐந்தாறு,
உறைகளில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார்.
அதே மயிரை முனையில் கட்டித்தான்
அவன் கண்ணின் ஒளியை வைத்திருந்தேன்.
அது சாட்சியாகாது.

ஆறு வாரம்.
இரவுகளில் அந்தக் காலைத் திருத்த உட்கார்ந்தேன்.
வலதை மூடி இடதை வெளுத்தால்
குதிரை சரியாக இருந்தது, படம் செத்துப்போனது.
டர்பன்டைனில் துடைத்தேன்.
பொய்க்கால் மறுபடி எட்டிப் பார்த்தது.
அந்தச் சமயம் தொழுவத்தில் ஒரு பசு கத்தியது. போய்விட்டேன்.

மே மாதம் காகிதம் வந்தது: தாயும் மகனும்தான்.
ட்ரூ டிரெய்லரைப் பின்னால் எடுத்தான், கதவைத் திறந்தேன்.
பனி உருகி முற்றமெல்லாம் சேறு.
ஒரே தாவல், ஒரு சுற்று,
டாஃபி இருந்த வேலி வரைக்கும் ஓட்டம்.
நின்று திரும்பிப் பார்த்தபோது
முழங்கால் வரை நாலு காலும் ஒரே நிறம்.